வால்வுப் பெட்டியில் ஊசி சாய்ந்த பிற்பகல்

கோப்பாயின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், ஏழு ஊர்க் கோயில்களின் ஏகபோக அறிவிப்பாளரும், தொண்டையைச் செருமினால் புத்தூரில் மாடுகள் எழுந்து நிற்கும் என்று பெயர் எடுத்தவனுமாகிய உன் அப்பன், மேற்படி பட்டங்கள் அத்தனையையும் இந்த ஒரு வசனத்தோடு கழற்றி மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன், மகனே. நீ உன் வருங்கால மாமியாரின் தமக்கையைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாய். நாளை திரும்பி வந்து ஸ்ரூடியோவைத் திறப்பாய். திறந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்று உன் வால்வுப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் என்பது உலகறிந்த விஷயம். ஆனால் இந்தக் கடிதத்தில் இருப்பது மட்டும் உள்ளபடி உள்ளது. எழுதிய நாலு தாளைக் கிழித்துக் கசக்கிய சத்தம் குசினி அடுப்படி வரைக்கும் கேட்டதாம். "இஞ்சாருங்கோ, பிறஷர் ஏறிட்டுதோ?" என்று உன் அம்மா ஓடி வந்தா. பிறஷர் இல்லை. திகைப்பு. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கியது, இப்போது ஐந்தரை, இன்னும் இறங்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு ஒழுங்காகச் சொல்லிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

எங்கள் வெங்காயக் கொட்டிலை நீ ஸ்ரூடியோ ஆக்கியபோது நான் எவ்வளவு நையாண்டி செய்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். சுவருக்குப் பஞ்சு ஒட்டினாய், யன்னலை அடைத்தாய், "சத்தம் வெளியிலை போகக் கூடாது அப்பா" என்றாய். சத்தத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவதற்காகவே முப்பது வருடம் பனைமரங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவனின் மகன், சத்தம் வெளியே போகாதபடி ஒரு கொட்டிலைக் கட்டுகிறானே என்று நான் சுன்னாகம் சந்தை வரைக்கும் போய்ப் புலம்பினேன். பிறகு அந்தப் பெட்டி வந்து இறங்கியது. பழைய கால அமைப்பில் இப்போது புதிதாகச் செய்கிற பெட்டி. சாம்பல் நிற முகம், பெரிய குமிழ்கள், நடுவில் ஓர் ஊசி, பின்னால் என் இளமைக்கால றேடியோக்களில் எரிந்ததைப் போலச் செம்மஞ்சளாக எரிகிற வால்வுகள். கொம்பிரசர் என்றாய். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கொம்பிரசர்தான் எனக்குத் தெரியும் என்றேன். நீ சிரிக்காமல் விளங்கப்படுத்தினாய்: "இது கத்துறவன்ரை வாயை மெல்லமாப் பொத்தும் அப்பா. பிறகு எல்லாத்தையும் சேர்த்து மேலை தூக்கும். அப்பதான் முணுமுணுக்கிறவன்ரை குரலும் கேக்கும்." குசினி வாசலில் நின்ற உன் அம்மா, "உந்தப் பெட்டியை எங்கடை கலியாணத்துக்குச் சீதனமாத் தந்திருக்கலாமே, முப்பத்தஞ்சு வரியம் வீணாப் போச்சு" என்றா. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான்தான். இப்போது எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தப் பெட்டிக்கு நீ வைத்திருக்கும் மரியாதைகள் எல்லாம் எனக்குத் தெரியும். போட்டவுடன் வேலை வாங்கக் கூடாது, இருபது நிமிடம் சூடேற விடவேண்டும். மேலே ஒன்றும் வைக்கக் கூடாது. யாராவது பாடும்போது ஊசி இடப்பக்கம் எப்பன், ஒரு துளி, சரிந்து நிமிர வேண்டும். "ஊசி தலையாட்டினால் காணும் அப்பா, விழுந்து கும்பிடக் கூடாது" என்று நீ சொன்னதை நான் எத்தனையோ பேருக்கு என் சொந்த ஞானம் போலச் சொல்லியிருக்கிறேன். நீ வீட்டில் இல்லாத சமயத்தில் அதைத் தொடுவது கொலைக் குற்றம் என்பதும் தெரியும். ஆனால் எனக்கு ஒரு இரகசியத் திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்தைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை உன் கலியாண வரவேற்புக்கு நான் ஒரு நிகழ்ச்சி நிரல் எழுதி வைத்திருந்தேன். அதில் ஐந்தாவது: 'மாப்பிள்ளையின் முதலும் கடைசியுமான கச்சேரி.' என்ன கச்சேரி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உனக்குப் பத்து வயது. எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா. உன் சங்கீத ரீச்சர் தானே எழுதி, மெட்டமைத்து, இரண்டு மாதம் பழக்கிய நாலு சரணப் பாட்டு. நீ வெள்ளை வேட்டியோடு மண்டபத்தில் மைக்குக்கு முன்னால். நான் எட்டு முழம் தள்ளி அம்பிளிபயர் மேசையில், கையில் என் அறிவிப்பு மைக்கோடு. நீ இரண்டு சரணம் பாடினாய், பிறகு சொற்கள் மறந்துபோய் நட்டமரம் போல நின்றாய், நான் பகிடி விட்டுச் சபையைச் சிரிக்கவைத்து உன்னைக் காப்பாற்றினேன். இதுதான் கதை. இருபத்தொரு வருடமாக நான் சொல்லிவருகிற கதை. ஒவ்வொரு முறையும் அதை வளர்த்தேன். முதலில் நீ மறந்தாய். பிறகு மறந்து அழுதாய். பிறகு மறந்து, அழுது, வேட்டியைத் தடக்கி விழுந்தாய். கனடாவில் உன் மாமாவின் பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, நீ ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்ததாகவும், ஐயர் உன்னை மோதகம் காட்டி வெளியே எடுத்ததாகவும் கூடச் சொல்லியிருக்கிறேன். சனம் கேட்டுக் கேட்டுச் சிரிக்கும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னேன். நீ அப்போது தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வரும் வழியில், "உந்தக் கதையை இனிச் சொல்லாதேங்கோ அப்பா" என்றாய், மெல்லமாக. நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்து, அதையும் கதையின் வாலில் சேர்த்துக்கொண்டேன்.

அன்றைய திருவிழாவை நான் அம்பிளிபயரில் இருந்து நேரே கசெற்றில் பிடித்து வைத்திருந்தேன். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்திலும் அந்தக் கசெற் என்னோடே வந்தது, ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. எனக்குக் கதை தெரியும்தானே, ஏன் கேட்கவேண்டும்? வெள்ளிக்கிழமை அதை மண்டபத்தில் போட்டுக் காட்டி, நீ மறந்து நிற்கிற அந்த இடத்தைச் சனத்துக்குக் கேட்கவைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கசெற்றோ மங்கிப் போயிருந்தது. உன் பெட்டிக்குள்ளால் விட்டால் துலக்கமாக வரும் என்று நினைத்தேன். ஸ்ரூடியோப் பூட்டின் திறப்பை, நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன சேட்டின் பையில் எடுத்தேன். அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தா. கள்ளனைப் போலப் பின்பக்கத்தால் போனேன்.

இருபது நிமிடம் காத்திருந்தேன், அது சத்தியம். தேத்தண்ணிக் கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்தேன், அதுவும் சத்தியம். ஒரு வட்டம் பதிந்திருக்கிறது, அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். வயர் கொழுவுவதில் எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கசெற் பிளேயரைப் பெட்டிக்குக் கொடுத்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு குமிழ்களைப் பார்த்தேன். உன்னைப் போல ஊசியைத் தலையாட்டவைக்கிற பக்குவம் எனக்கு எங்கே இருக்கிறது? முப்பது வருட ஒலிபெருக்கிக்காரனுக்கு ஒரே ஒரு கைப்பழக்கம்தான்: எந்தக் குமிழைக் கண்டாலும் வலப்பக்கம் முழுக்கத் திருகுவது. உள்ளே போகிற குமிழை முழுக்கத் திருகினேன். வெளியே வருகிறதையும் முழுக்கத் திருகினேன். எவ்வளவு விரைவாகப் பிடியை விடவேண்டும் என்கிற அந்தச் சின்னச் சுவிச்சை ஆக விரைவான இலக்கத்தில் வைத்தேன். நீ பார்த்திருந்தால் தலையில் அடித்திருப்பாய். ஊசி கும்பிடவில்லை, மகனே. இடப்பக்கம் போய்ச் சாஷ்டாங்கமாக விழுந்து கிடந்தது.

நீ தொடங்கினாய். ஒரு சரணம், இரண்டு சரணம். தெளிவாக, பயமில்லாமல். எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது, மறக்கிற இடம் வரப்போகிறதே என்று. அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு என் குரல். "மெய்யடியார்களே! இன்றைய திருவிழா உபயகாரர்..." என்று நான் தொடங்குகிறேன். மூன்றாவது சரணத்தின் வாசலில் உன் மைக்கை இறக்கிவிட்டு, என் மைக்கில் உபயகாரரின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் அது ஒரு அதிசயமும் இல்லை, உனக்குத் தெரியும். பெரிய வித்துவான் வாசித்துக்கொண்டிருந்தாலும் திருவிழாச் செலவைக் கொடுத்த உபயகாரர் வந்து மேசையில் கையூன்றி நின்றால் பெயர் வாசித்தே ஆகவேண்டும். அதனால் எனக்கு அது நினைவில்கூட இருக்கவில்லை. இருபத்தொரு வருடக் கதையில் அந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு தடவையும் வந்ததில்லை. ஆளுக்கு நாலு பட்டம், பட்டத்துக்கு ஒரு இழுவை, நடுவில் 'தேர்முட்டிக்குப் பக்கத்தில் வழியை மறிச்சு நிக்கிற ட்ராக்டரை உடனே எடுக்கவும்' வேறு. வழக்கமாக நான் என் குரலைக் கேட்டால் பூரித்துப்போவேன். ஆனால் உன் பெட்டி என் குரலை நெரித்துத் தட்டையாக்கி வைத்திருந்தது. நான் மூச்செடுக்க நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் பெட்டி பிடியை விட்டது. விட்டவுடன் அடியில் கிடந்ததெல்லாம் மேலே எழும்பியது: ஜெனரேற்றரின் உறுமல், கசெற்றின் இரைச்சல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. அவற்றுக்கு நடுவே நீ.

நீ பாடிக்கொண்டிருந்தாய்.

என் கையில் இருந்த மைக்கில், எட்டு முழம் தள்ளி நின்ற உன் வெறுங்குரல் விழுந்திருக்கிறது. நான் ஒரு பெயரை வாசித்து மூச்செடுக்கிறேன், நீ ஒரு அரை அடி பாடுகிறாய். அடுத்த பெயர் உன்னை மூடுகிறது. திரும்ப மூச்செடுக்கிறேன், நீ இன்னும் ஒரு அடி தாண்டியிருக்கிறாய். ஹெட்போனைக் கழற்றினேன். துடைத்தேன். திரும்பப் போட்டேன். கசெற்றைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன், ஏழு தடவை. ஏழுதான், எழுபது இல்லை. மூன்றாவது சரணம் முழுவதும் இருக்கிறது. நாலாவதும் இருக்கிறது. நான் கடைசிப் பெயருக்கு முன்னால் செருமிக்கொள்கிற இடத்தில் உன் பாட்டு முடிகிறது. முடிந்ததும் நீ இரண்டு வார்த்தை சொல்கிறாய், ரீச்சர் பழக்கினபடி: "நன்றி, வணக்கம்." ஒரு ஆளுக்கும் கேட்காத பாட்டுக்கு ஒரு ஆளுக்கும் கேட்காத நன்றி. அதற்குப் பிறகுதான் திரும்பவும் 'டக்'. உன் மைக்கை ஏற்றுகிறேன். நீ பேசாமல் நிற்கிறாய். முடித்தவன் பேசாமல்தானே நிற்பான்? உடனே அந்தச் சக்கரவர்த்தி சொல்கிறார்: "அடடா! பாடகர் மறந்துபோய் நிக்கிறார்! பயப்பிடாதேங்கோ தம்பி, வீட்டை போனாப் பிறகு அம்மா சொல்லித் தருவா!" கோயிலே சிரிக்கிறது. திறந்திருந்த உன் மைக்கில் ஒரேயொரு மூச்சுச் சத்தம், உள்ளே இழுத்தது. வெளியே விட்ட சத்தம் கசெற்றில் இல்லை.

கசெற்றை நிறுத்தினேன். அப்போதுதான் அன்றைக்கு வீடு திரும்பிய வழி நினைவுக்கு வந்தது. சைக்கிள் பாரில் நீ. கோப்பாய் வெளியில் எதிர்காற்று. "அப்பா, நான் முடிச்சனான்" என்றாய். "என்னத்தை முடிச்சனீ?" என்றேன். "பாட்டை." நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், எனக்குத்தான் இன்றுவரை தெரியாது. "ஓம் ஓம், பிள்ளையாருக்கு மட்டும் கேட்டிருக்கும், அவருக்குத்தானே பெரிய காது!" அந்தப் பகிடி எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், வீடு வரும்வரை நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டு மிதித்தேன். நீ அடுத்த கிழமை சங்கீத வகுப்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நீ பாடி நான் கேட்டதே இல்லை. பதினாறு வயதில் என் அம்பிளிபயரைப் பிரித்துப் போட்டாய். ஒலி எங்கள் பரம்பரை இரத்தத்தில் ஓடுகிறது என்று ஊரெல்லாம் பீற்றினேன். உன் பிறவித் தொழில் மற்றவர்களுடைய குரலைப் பிடிப்பது என்று நானே தீர்ப்பெழுதினேன். உன் குரல் எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். அவ ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக் கேட்டா. முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. அதுதான் எனக்கு இரண்டாவது இடி.

"உமக்குத் தெரியுமோ?" என்றேன்.

"நான் பெண்டுகள் பக்கத்திலை முன்னுக்கு இருந்தனான். பிள்ளையின்ரை வாய் கடைசி மட்டும் அசைஞ்சது. அண்டைக்கு ராத்திரியே உங்களுக்குச் சொன்னனான்."

"எனக்கோ? சொன்னனீரோ?"

"சொன்னனான். நீங்கள் கேட்டனீங்களே? அந்த ட்ராக்டர்க்காரனோடை சண்டை பிடிச்ச கதையைச் சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே!"

"எத்தினை தரம்? நீங்கள் அந்தக் கதையைத் தொடங்கேக்கை எல்லாம் நான் எழும்பிக் குசினிக்குப் போறனான். ஒருநாளாவது ஏனெண்டு கேட்டனீங்களே?"

கேட்கவில்லை. தேத்தண்ணி போடப் போகிறா என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

உடனே திருத்தவேண்டும் என்ற வெறி பிடித்தது. பொன்னுத்துரை அண்ணையிடம் சைக்கிளில் பறந்தேன். என்னோடு சேர்ந்து மரமேறி ஸ்பீக்கர் கட்டியவர், அன்றைக்கு ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்றவர். மூச்சுவாங்க, "அண்ணை, என்ரை பெடியன் மறக்கேல்லை! முழுக்கப் பாடினவன்! நான்தான் மைக்கை இறக்கிப்போட்டன்!" என்றேன். அவர் வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "போன முறை சொன்னதிலும் பார்க்க உது திறம். வெள்ளிக்கிழமை உந்தக் கதையையே விடும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றார். "பகிடி இல்லை அண்ணை, உண்மை!" "உம்மடை உண்மை எல்லாம் எனக்குத் தெரியாதே?" கையைப் பிடித்து இழுத்துவந்து ஹெட்போனைப் போட்டுவிட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு அதைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்து, "நல்லாச் செய்திருக்கிறான் பெடியன். இப்ப கொம்பியூட்டரிலை என்னவும் செய்யலாமாம்" என்றுவிட்டுப் போய்விட்டார். மகனே, பொய்யை ஒரு தடவை சொன்னேன், ஊரே நம்பியது. உண்மையைக் கையில் ஆதாரத்தோடு கொண்டு போனேன், என் முப்பது வருடக் கூட்டாளிகூட நம்பவில்லை. நான் ஊதிப் பெருக்கிய கதைகள் எல்லாம் சேர்ந்து என் வாக்கை ஒரு சதத்துக்கும் உதவாததாக்கிவிட்டன.

கலியாணத்துக்கு முன் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குப் பெரிய புத்திகள் நிறைய ஆயத்தமாக இருந்தன, முழங்கிச் சொல்வதற்கு. அவற்றை விட்டுவிடுகிறேன். இன்று மத்தியானம் கற்றதை மட்டும் சொல்கிறேன். நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளை உன்னோடு கதைக்கத் தொடங்கும்போது உன்னிடம் வாசிப்பதற்கு எவ்வளவு முக்கியமான அறிவித்தல் இருந்தாலும், அது அவ்வளவு அவசரமில்லை. அவள் பேசாமல் நின்றால், அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதே. அவள் சொல்லி முடித்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ஒரு கதை தொடங்கியதும் எழும்பிக் குசினிக்குப் போனால், கதையை நிறுத்திவிட்டுப் பின்னால் போ. இதையெல்லாம் நீ ஏற்கெனவே செய்கிறவன்தான். நீ மற்றவர்களைக் கேட்கிற விதத்தைப் பார்த்திருக்கிறேன். பாடவந்த பிள்ளைகள் பிழைவிட்டால், "பரவாயில்லை, பாடி முடிக்குமட்டும் நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று சொல்வாய். அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என்னிடமிருந்து வந்ததல்ல.

ஒன்று மட்டும் என்னை இன்னும் குடைகிறது. ஸ்பீக்கரில் உன் குரல் நின்றது உனக்குத் தெரிந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை, ஏன் நிறுத்தவில்லை? மூன்று மணித்தியாலமாக யோசித்து ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. மைக்கை இறக்கியது அப்பா என்று கண்டிருப்பாய். இறக்கினவர் எப்படியும் ஏற்றுவார் என்று பாடிக்கொண்டே காத்திருந்திருப்பாய். இது பிழையான விடை என்றால் சொல்லு. பிழையாக இருக்கவேண்டும் என்றுதான் பிள்ளையாரைக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நிரலில் ஐந்தாவதை வெட்டிவிட்டேன். ஆனால் அந்த மண்டபத்தில் கால்வாசிப் பேர் கதையைக் கேட்கவென்றே வருவார்கள், எழும்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அப்போது என்ன செய்யவேண்டும் என்று நீதான் சொல்லவேண்டும். எழும்பி நின்று உண்மையைச் சொல் என்றால், ஒரே வசனத்தில், ஒரு பட்டமும் இழுவையும் இல்லாமல் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிடுகிறேன்; நம்புகிறவர்கள் நம்பட்டும். பேசாமல் இரு என்றால் பேசாமல் இருக்கிறேன், பந்தி முடியும்வரை. உன்னைப் பாடு என்று கேட்கமாட்டேன். அதையும் நான் அறிவிக்கிற ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. கசெற் உள்ளேதான் இருக்கிறது, குமிழ்களை நான் திருகினபடியே விட்டிருக்கிறேன். கேட்பதும் கேட்காமல் விடுவதும் உன் விருப்பம்.

ஒரு பாடகனுக்குப் பாட்டு முடிந்ததும் சபையில் யாராவது ஒருவர் சொல்லவேண்டியதை இருபத்தொரு வருடம் பிந்திச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மூன்றாவது சரணத்தில் எடுப்பு அருமை. நாலாவதில் மேலே போகிற இடத்தில் சுருதி ஒரு இழை இறங்குகிறது, ஆனால் அடுத்த அடியிலேயே பிடித்துவிடுகிறாய். ஒரு சொல்லும் விடுபடவில்லை. முழுவதையும் கேட்டேன்.

அப்பா